அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு: பாடமும் கருவியும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை வேதியியல் பயிலும் மாணவர் எவரும் எத்தில் அசிட்டேட்டின் நிறமாலையைத் தேர்வுத் தாளில் ஒரு முறையேனும் சந்திப்பார். நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என வாய்பாடு தரப்பட்டிருக்கும். அளவுகோலில் 1.26 என்னும் இடத்தில் மூன்றாகப் பிளந்த ஒரு முகடு, 2.04-இல் பிளவுறாத ஒரு முகடு, 4.12-இல் நான்காகப் பிளந்த ஒரு முகடு. இவற்றின் பரப்புகள் மூன்றுக்கு மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தில் அமைந்திருக்கும். இவ்வளவையும் கொண்டு சேர்மத்தின் கட்டமைப்பை எழுதிவிடும் மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது.

அதே மாணவர் பின்னர் ஆராய்ச்சியில் சேர்ந்து, தாம் தயாரித்த வேறொரு சேர்மத்தின் நிறமாலையை முதன்முறையாகப் பெறும்போது, இம்மூன்று முகடுகளும் அழையா விருந்தினராக அதில் வந்து நிற்பதைக் கண்டு திகைப்பதுண்டு. சேர்மத்தைத் தூய்மைப்படுத்தப் பயன்படுத்திய எத்தில் அசிட்டேட் முழுவதும் ஆவியாகாமல் சிறிது எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம். 7.26-இல் தோன்றும் முகடு கரைப்பானாகிய குளோரோஃபார்மில் எஞ்சிய சாதாரண ஹைட்ரஜனுக்கு உரியது. 1.56-ஐ அடுத்துத் தோன்றுவது ஈரம். தேர்வுத் தாளில் விடையாக இருந்தது ஆய்வுக்கூடத்தில் அழுக்காக மாறுகிறது. இம்மாற்றத்தை எந்தப் பாடநூலும் முழுமையாகக் கற்பித்துவிட இயலாது.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல், சுருக்கமாக என்.எம்.ஆர்., இன்று முதுநிலை வேதியியல் பாடத்திட்டங்களில் தவறாது இடம்பெறுகிறது. விரிவுரையாளர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் நடத்தப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இதன் கணக்குகள் வழக்கமாக இடம்பெறுகின்றன. சில்வர்ஸ்டைன், பாவியா, கெம்ப் முதலியோரின் நூல்களும் நம் நாட்டவரான கல்சியின் நூலும் மாணவரிடையே பரவலாகப் புழங்குகின்றன. ஆயினும், கருவியை நேரில் காணாமலே, ஒரு மாதிரியைக்கூடத் தம் கையால் கண்ணாடிக் குழாயில் நிரப்பாமலே, இப்பாடத்தில் தேர்ச்சி பெற்றுச் செல்வோர் பலர் உளர். இந்நிலை ஏன் ஏற்பட்டது, இதனை மாற்றப் பெருநிதி வேண்டுமா, அன்றி இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் மாற்றம் வேண்டுமா என்பன கல்வித் துறையினரும் நிதித் துறையினரும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

நுட்பத்தின் அடிப்படை

ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டான் ஒரு மிகச் சிறிய காந்தத்தைப் போல் நடந்துகொள்கிறது. வலிய காந்தப் புலத்தினுள் வைக்கப்படும்போது, புலத்தோடு இசைந்த நிலை, புலத்தை எதிர்த்த நிலை ஆகிய இரண்டு மட்டுமே அதற்கு உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாட்டுக்குச் சரியாகப் பொருந்தும் வானொலி அலை செலுத்தப்பட்டால், புரோட்டான் அதனை ஏற்று நிலை மாறுகிறது. 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் இதற்கு வேண்டிய அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ், 9.4 டெஸ்லா புலத்தில் 400 மெகாஹெர்ட்ஸ். ஆய்வுக்கூடங்களில் '400 கருவி', '500 கருவி' என்று வழங்கும் பேச்சு இந்த அதிர்வெண்ணையே குறிக்கிறது. 9.4 டெஸ்லா என்பது புவியின் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு.

புரோட்டான் தனித்து இருப்பதில்லை. அதனைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் புறக் காந்தப் புலத்தைச் சிறிதளவு தடுத்து மறைக்கின்றன. ஆக்சிஜன் போன்ற அணு அருகில் இருந்து எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டால் மறைப்புக் குறைகிறது. ஒத்ததிர்வு நிகழும் இடம் நகர்கிறது. இதுவே வேதி இடப்பெயர்ச்சி. இது பத்து லட்சத்தில் சில பங்கு அளவே ஆனது. எனவேதான் காந்தப் புலம் மாதிரி முழுவதும் மிகமிகச் சீராக இருத்தல் வேண்டும். மேலும், அண்டைக் கார்பனில் உள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று பாதித்து முகடுகளைப் பிளக்கின்றன. அண்டையில் இரண்டு புரோட்டான் இருப்பின் மூன்றாகவும், மூன்று இருப்பின் நான்காகவும் பிளவு நிகழும்.

இங்கு மாணவர் பலரும் தடுமாறும் ஓரிடம் உண்டு. இடப்பெயர்ச்சி புலத்தின் வலிமைக்கு ஏற்ப வளர்கிறது; பிளவின் அகலமோ வளர்வதில்லை. எத்தில் தொகுதியில் முகடுகளுக்கிடையேயான பிளவு ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ். நான்காகப் பிளந்த முகடு மொத்தம் 21 ஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்கிறது. 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் இது அளவுகோலின் 0.35 அலகு, 400 மெகாஹெர்ட்ஸ் கருவியிலோ 0.05 அலகு மட்டுமே. சிக்கலான மூலக்கூறு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு முகடுகள் அருகருகே அமையும்போது, முன்னதில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பும். பின்னதில் தனித்தனியே நிற்கும். நாடுகள் மேன்மேலும் வலிய காந்தங்களுக்காகப் பணம் செலவிடுவதன் காரணங்களுள் இது ஒன்று.

மற்றொரு காரணம் உணர்திறன். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், அறை வெப்பநிலையில், 10 லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால் கீழ் நிலையில் இருப்பவை மேல் நிலையில் இருப்பவற்றைவிட ஏறத்தாழ 32 மட்டுமே மிகுதி. அளக்கப்படுவது அந்த 32 தரும் விளைவுதான். கார்பனைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். காந்தப் பண்புடைய கார்பன்-13 இயற்கையில் 1.1 விழுக்காடே உள்ளது. ஆகவே ஒரே அளவீட்டைப் பன்முறை செய்து கூட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் தெளிவை இரு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் தேவை. நான்கு மடங்காக்கப் பதினாறு மடங்கு நேரம் தேவை. பொருளியல் பயின்றோர் இதில் குறைந்து செல்லும் விளைவு விதியின் சாயலைக் காணக்கூடும். புரோட்டான் நிறமாலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கார்பன் நிறமாலைக்கு அரை மணி முதல் ஓர் இரவு வரை ஆகலாம்.

இந்தியர் பங்கு

1945-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1946-இன் தொடக்கத்திலும் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழுவினரும் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழுவினரும் தனித்தனியே இவ்விளைவைக் கண்டறிந்தனர். 1952-இல் இருவருக்கும் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் நாடியது அணுக்கருவின் காந்த அளவைத் துல்லியமாக அறிவதே. வேதியியலுக்கு இது பயன்படும் என்ற எண்ணம் அப்போது இல்லை. 1950-இல் அம்மோனியம் நைட்ரேட்டின் நைட்ரஜன், ஒன்றுக்குப் பதில் இரண்டு இடங்களில் ஒத்ததிர்வு காட்டியபோது, இயற்பியலாளர் அதனை ஓர் இடையூறாகவே கருதினர்.

இடையூறு கருவியாக மாறியது 1951-இல். எத்தனாலில் உள்ள ஹைட்ரஜன்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விகிதத்தில் மூன்று தனி முகடுகளைத் தருவதை ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்ட், தர்மாட்டி, பேக்கார்ட் ஆகிய மூவர் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் இப்பாடத்தின் முதல் வகுப்பில் காட்டப்படும் அப்படத்தைத் தந்த மூவருள் ஒருவராகிய எஸ். எஸ். தர்மாட்டி இந்தியர். தாயகம் திரும்பிய அவர் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறைக்கு வித்திட்டார். அதே 1951-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்பார், ஓடும் நீர்மங்களில் ஒத்ததிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். பிற்காலத்தில் குருதியோட்டத்தை அளக்கும் முறைகளுக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. கல்கத்தாவில் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் ஏ. கே. சாகா, டி. பி. தாஸ் ஆகியோர் கோட்பாட்டுத் தளத்தில் பணியாற்றினர்.

1966-இல் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், ஆண்டர்சன் ஆகியோர் துடிப்பு முறையையும் ஃபூரியே கணிப்பையும் இணைத்தனர். அதிர்வெண்களை ஒவ்வொன்றாக வருடிச் செல்வதற்குப் பதில், குறுகிய துடிப்பு ஒன்றால் அனைத்துக் கருக்களையும் ஒரே வேளையில் தூண்டி, அவை தேய்ந்தடங்கும்போது எழுப்பும் குறிகையைப் பதிவு செய்து, கணிப்பொறி வாயிலாக நிறமாலையாக மாற்றுவதே இம்முறை. எர்ன்ஸ்ட் 1991-இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றார். இந்திய அறிவியல் கழகத்தின் அனில் குமார், சூரிச்சில் எர்ன்ஸ்ட்டுடனும் கர்ட் வுத்ரிச்சுடனும் பணியாற்றியவர். 1975-இல் காந்த ஒத்ததிர்வு உருவாக்கத்துக்கு ஃபூரியே முறையைப் பயன்படுத்திய ஆய்விலும், 1980-இல் புரதத்தில் புரோட்டான்கள் எவையெவை அருகருகே உள்ளன என்பதை இருபரிமாண நிறமாலையால் கண்ட ஆய்விலும் அவர் பெயர் முதலாவதாக நிற்கிறது. முன்னதன் வழிவந்த முறையே மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவியில் இன்றும் இயங்குகிறது. 'அணுக்கரு' என்ற சொல் நோயாளிகளை அச்சுறுத்தும் என்பதால் மருத்துவத்தில் அது விடப்பட்டது என்பது துறையினர் அறிந்த செய்தி.

தொடக்கத்திலேயே முன்னணியில் நின்ற ஒரு நாட்டில் மாணவர் இக்கருவியைத் தொடாமல் பட்டம் பெறுவது முரண்பாடாகத் தோன்றலாம். இதற்கான விடை, அறிவுக் குறைவில் இல்லை. காந்தத்தின் விலையிலும் அதனைப் பேணும் செலவிலும் உள்ளது.

கருவியின் பொருளாதாரம்

1961-இல் சந்தைக்கு வந்த 60 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் திரவ ஹீலியம் வேண்டாத சாதாரணக் காந்தத்தில் இயங்கின. வேதியியல் துறைகள் அவற்றை ஒருவாறு வாங்க முடிந்தது. 100 மெகாஹெர்ட்ஸ் அளவைத் தாண்டிச் செல்ல மீக்கடத்திக் காந்தம் இன்றியமையாததாயிற்று. நயோபியம்-டைட்டேனியம் உலோகக் கலவைக் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில், அதாவது கழித்தல் 269 பாகை செல்சியஸில், அமிழ்ந்திருக்கும். அதனைச் சூழ்ந்து கழித்தல் 196 பாகையில் திரவ நைட்ரஜன் நிற்கும். ஒருமுறை மின்னோட்டம் ஏற்றப்பட்டால், சுருளில் அது பல ஆண்டுகள் தானே ஓடிக்கொண்டிருக்கும்; மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்பதில்லை. ஆனால் ஹீலியம் வற்றினால் சுருள் தன் மீக்கடத்தும் பண்பை இழந்து, தேங்கிய ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி, எஞ்சிய ஹீலியம் எழுநூறு மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகச் சீறி வெளியேறும். அறையில் உள்ள ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே தீங்கு நேரலாம். காந்தமும் பழுதடையலாம்.

சில கோடி ரூபாய் விலையுள்ள இத்தகைய கருவியைக் கல்லூரிதோறும் நிறுவ இயலாது என்பதை அரசு முன்னரே உணர்ந்தது. 1970-களின் நடுப்பகுதியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டார நுண்கருவி மையங்களை அமைக்கத் தொடங்கியது. சென்னை, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், கல்கத்தா போஸ் நிறுவனம், ஷில்லாங்கில் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் முதலியன இத்தகைய மையங்களைப் பெற்றன. பின்னர் இவை நுண்பகுப்பாய்வுக் கருவி வசதி மையங்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. 1980-களில் டாட்டா நிறுவனத்தில் உயர்புலக் கருவிகளுக்கான தேசிய வசதி உருவாயிற்று. 2000-இல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டத்தின்கீழ் பல்கலைக்கழகத் துறைகள் கருவிகள் வாங்க நிதி பெற்றன. பொது நிதியில் வாங்கிய கருவிகளின் பட்டியலை ஒருங்கே தந்து, வெளியாரும் நேரம் பதிவு செய்ய வழிவகுக்கும் ஐ-ஸ்டெம் இணையத்தளம் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

கட்டமைப்பு இவ்வாறு வளர்ந்திருக்க, குறை எங்கே? மூலதனச் செலவுக்கும் தொடர்செலவுக்கும் இடையில் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கருவி வாங்க மானியம் கிடைப்பது அரிது. வாங்கிய கருவிக்கு ஹீலியம் நிரப்பவும், பழுது பார்க்கவும், பயிற்சி பெற்ற இயக்குநருக்கு நிலையான ஊதியம் தரவும் ஆண்டுதோறும் நிதி கிடைப்பது அதனினும் அரிது. திறப்பு விழாவுக்கு உரியது கருவி. ஹீலியத்துக்குத் திறப்பு விழா இல்லை. திறமையான இயக்குநர் ஒப்பந்தப் பணியில் ஓரிரு ஆண்டுகள் இருந்து, மருந்துத் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டால், கோடிகள் பெறுமான கருவி அடிப்படைப் பணிகளை மட்டும் செய்துகொண்டிருக்கும். 2014-இல் பெரிய உற்பத்தி நிறுவனம் ஒன்று இத்தொழிலிலிருந்தே விலகியபோது, அதன் கருவிகளை வைத்திருந்தோர் உதிரி உறுப்புகளுக்கு என் செய்வது என்று கவலையுற நேர்ந்தது.

ஹீலியத்தின் நிலை தனியே கருதத்தக்கது. நம் நாட்டுத் தேவை பெரும்பாலும் இறக்குமதியைச் சார்ந்தது. மேற்கு வங்காளத்தின் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து ஹீலியத்தைப் பிரிக்கும் முயற்சி நெடுநாள் நடந்ததாயினும், அது நாட்டின் தேவையை ஈடு செய்யும் அளவினதன்று. 2017 ஜூனில் கத்தார் நாட்டின்மீது அண்டை நாடுகள் தடை விதித்தபோது அங்குள்ள ஹீலிய ஆலைகள் நின்றன; உலகச் சந்தை முழுவதும் அதிர்ந்தது. தொலைவிலுள்ள ஓர் அரசியல் தகராறு, நம் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை முடிக்கக் காத்திருக்கும் மாணவரின் நாட்காட்டியை இவ்வாறு மாற்றிவிடக் கூடும். ஆவியாகும் ஹீலியத்தைப் பிடித்து மீண்டும் திரவமாக்கும் அமைப்பு, பல காந்தங்கள் ஒரே வளாகத்தில் இருக்குமிடத்து நன்கு கட்டுப்படியாகும். ஒற்றைக் கருவி வைத்துள்ள துறைக்குக் கட்டுப்படியாவது கடினம். கருவிகளைச் சிதறலாக வழங்குவதைவிடக் கொத்தாக அமைப்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

டியூட்டிரியம் கலந்த கரைப்பான்களின் நிலை ஒப்பீட்டளவில் நன்று. 1962-இல் நங்கலில் முதல் கனநீர் ஆலை இயங்கத் தொடங்கியது முதல் கனநீர் உற்பத்தியில் இந்தியா பெற்றுள்ள தேர்ச்சி இதற்கு அடிப்படையாக அமையும்.

ஆய்வுக்கூடத்துக்கு அப்பால்

இப்பாடத்தை வேதியியல் துறையின் உள்விவகாரமாக மட்டும் கருதுவதற்கில்லை. 2008-இல் அமெரிக்காவில் ஹெப்பாரின் என்னும் குருதியுறைவு தடுக்கும் மருந்து உயிரிழப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டபோது, வழக்கமான சோதனைகளைக் கடந்து சென்றிருந்த கலப்படப் பொருளை அடையாளம் காண உதவியது என்.எம்.ஆர். அதன்பின் ஹெப்பாரினுக்கு இச்சோதனை கட்டாயமாயிற்று. 2020 ஆகஸ்ட் முதல், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்தியத் தேனுக்கும் இச்சோதனை கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டுச் சந்தைத் தேனை ஆராய்ந்த தன்னார்வ அமைப்பு ஒன்று, தன் மாதிரிகளை ஜெர்மன் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த முடிவுகளை அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. தேனீ வளர்ப்போரின் விலையும் நுகர்வோரின் நம்பிக்கையும் முகடுகளைப் படிக்கத் தெரிந்தவரைச் சார்ந்து நிற்கும் நிலை வந்துவிட்டது. அவ்வாறு படிப்பவர், தாளில் அச்சான தூய நிறமாலையை மட்டுமே கண்டு பழகியவராயின், ஐயத்துக்கிடமான ஒரு சிறு முகட்டை எவ்வாறு மதிப்பிடுவார்?

மாணவர் கைக்கு

மாணவர் பெரும்பாலோர் அறிந்த நடைமுறை இது: சிறு குப்பியில் மாதிரியை வைத்து, படிவத்தை நிரப்பி, கட்டணத்துடன் மையத்துக்கு அனுப்புதல்; சில நாட்களிலோ வாரங்களிலோ அச்சிட்ட தாளையோ அதன் நகலையோ பெறுதல். காந்தப் புலம் சீராக்கப்பட்டதா, எத்தனை முறை அளவீடு கூட்டப்பட்டது, அடுத்தடுத்த துடிப்புகளுக்கிடையே போதிய இடைவெளி விடப்பட்டதா என்பன அவருக்குத் தெரிவதில்லை. கடைசியாகக் கூறியது அற்பமானதன்று. கருக்கள் தம் பழைய நிலைக்குத் திரும்புமுன் அடுத்த துடிப்பைச் செலுத்தினால், முகடுகளின் பரப்பு விகிதம் பிழைபடும். மூன்றுக்கு இரண்டு என வரவேண்டியது வேறாகத் தோன்றும். மாணவரோ பிழையைத் தம் சேர்மத்தின்மீது ஏற்றுவார்.

செலவின்றிச் செய்யத்தக்க சீர்திருத்தம் ஒன்று உண்டு. அச்சிட்ட தாளுடன், கருவி பதிவு செய்த மூலக் குறிகையின் கோப்பையும் மையங்கள் தவறாது வழங்கலாம். அதனைச் சாதாரணக் கணிப்பொறியில், கல்விப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு மாணவரே நிறமாலையாக மாற்ற இயலும். அடித்தளக் கோட்டைத் திருத்தவும், பரப்புகளை அளக்கவும், கரைப்பான் முகட்டைக் கொண்டு அளவுகோலை நிலைநிறுத்தவும் அவர் கற்பார். கருவி தொலைவில் இருந்தாலும் பயிற்சியின் பாதி அவரது மேசைக்கு வந்துவிடுகிறது.

மறுபாதிக்கு மேசைக் கருவிகள் உதவக்கூடும். நிலைக்காந்தம் கொண்ட, ஹீலியம் வேண்டாத, 60 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு கருவிகள் 2010-களில் சந்தையில் பரவின. 1961-இன் அதிர்வெண் சுற்றி வந்து மீண்டும் வகுப்பறை வாயிலில் நிற்கிறது. ஆராய்ச்சிக்கு இவை போதா என்று துறைத் தலைவர்கள் தயங்குவது இயல்பே. ஆராய்ச்சிக் கருவியும் பயிற்றுக் கருவியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தால்தான் மாணவர் இரண்டையும் இழக்கிறார். பட்டறையில் பயில்பவருக்கு முதல் நாளே விலையுயர்ந்த எந்திரத்தை ஒப்படைப்போர் இல்லை.

அத்தகைய கருவி உள்ள கல்லூரியில் முதல் பயிற்சியாக எத்தனாலையே கொள்ளலாம். 5 மில்லிமீட்டர் குழாயில் மாணவர் தாமே கரைசலை நிரப்பி, நிறமாலை எடுத்து, மூன்று முகடுகளைக் காண்பார். பின்னர் குழாயில் ஒரு துளி கனநீர் சேர்த்துக் குலுக்கி மறுபடி எடுத்தால், ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜனின் முகடு மறைந்திருக்கும். அந்த இடத்தை டியூட்டிரியம் பிடித்துக்கொண்டது. மறுபுறம், நீரும் அமிலமும் சிறிதுமின்றி உலர்த்திய எத்தனாலில் அதே முகடு பிளவுபட்டுத் தோன்றும். ஒற்றை முகடாக இருக்கும் என்று பாடநூலில் படித்த மாணவர் அது மூன்றாக நிற்கக் கண்டு, தம் மாதிரியில் ஈரம் எவ்வளவு என்ற வினாவைத் தாமே எழுப்பிக்கொள்வார்.